பிளாஸ்டிக்குக்குள்ளேயே உலோக நானோத்துகள்: சூடாக்கி உருவாக்குவதா, தயார் பொடியைக் கலப்பதா?

மென்படலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காகப் பாலிஸ்டைரீன் படலத்துக்குள் வெள்ளி நானோத்துகள்களைக் கொண்டுவர முயன்றுவருகிறேன். ஊதா, நீல ஒளியைத் தடுத்து மற்றதை உள்ளே விடும் தெளிவான மஞ்சள் படலம் வேண்டும். தயாராகக் கிடைக்கும் வெள்ளி நானோப்பொடியை டோலுயீனில் கரைத்த பாலிஸ்டைரீனோடு மீயொலியில் கலக்கிப் பார்த்தேன். கலக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. படலம் காய்வதற்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எல்லாம் சாம்பல் நிறமாகிவிடுகிறது.

அதனால் வேறு வழிக்கு வந்தேன். வெள்ளி அசிட்டேட்டை நன்றாக அரைத்துப் பாலிமர் கரைசலில் சேர்த்து, கண்ணாடித் தட்டில் வார்த்துக் காயவைத்து, சூட்டடுப்பில் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறேன். சேர்மம் உடைந்து வெள்ளி உள்ளேயே பிறக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்தது பழுப்புப் படலம். நுண்ணோக்கியில் பார்த்தால் கருப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் ஒட்டி ஒரு குமிழி. ஓரங்களில் மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பளபளப்பு.

வெப்பநிலை தவறா, நேரம் தவறா, சேர்மமே தவறா? இந்த வேலை செய்தவர்கள் வழிகாட்டுங்கள்.

உருகுநிலை எழுதியது:

நீங்கள் வழி மாறியது சரியான முடிவு. காய்ந்த நானோப்பொடி என்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஒட்டிப்போன பொடிதான். துகள் சிறிதாகும்போது எடைக்கு ஈடாக மேற்பரப்பு ஏறிக்கொண்டே போகிறது; அந்த மேற்பரப்புகள் ஒருமுறை தொட்டுக்கொண்டால் மீயொலியால்கூட முழுதாகப் பிரிக்க முடியாது. துகளைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டுமென்றால், அது பிறக்கும்போதே சுற்றிலும் பாலிமர்ச் சங்கிலிகள் இருக்க வேண்டும். சேர்மத்தைச் சூட்டால் உடைக்கும் வெப்பச்சிதைவு முறையின் பெரிய பலம் அதுதான்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை உங்கள் தேர்வில் பெரிய குறை இல்லை. வெள்ளி அசிட்டேட் 200 டிகிரியைத் தாண்டியதும் உடையத் தொடங்குகிறது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி அளவில் கண்ணாடி நிலையிலிருந்து இளகுகிறது. நைட்ரஜன் சூழலில் 300 டிகிரி வரை பெரிய சேதமில்லாமல் தாங்கும். காற்றில் அவ்வளவு தாங்காது, 200ஐத் தாண்டினாலே மெல்ல ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிடும். ஆக, சேர்மம் உடையவும் பாலிமர் பிழைக்கவும் ஓர் இடைவெளி இருக்கிறது. நீங்கள் அதற்குள்தான் வேலை செய்திருக்கிறீர்கள்.

சிக்கல், “அரைத்துச் சேர்த்தேன்” என்ற இடத்தில் இருக்கிறது. வெள்ளி அசிட்டேட் டோலுயீனில் கரையாது. எவ்வளவு அரைத்தாலும் குருணைகளாகத்தான் நிற்கும். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு குருணையை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். அடர்த்தி 3.26 என்று கொண்டால் அதற்குள் ஏறக்குறைய 600 கோடி வெள்ளி அணுக்கள் அடைந்திருக்கின்றன. 5 நானோமீட்டர் வெள்ளித் துகள் ஒன்றுக்குத் தேவை சுமார் 3,800 அணுக்கள். அதாவது அந்த ஒரு குருணையில் 16 லட்சம் நானோத்துகள்களுக்கான வெள்ளி ஒரே இடத்தில் கிடக்கிறது. சூடானதும் அவ்வளவும் அங்கேயே உலோகமாகி, நுண்துளைகள் நிறைந்த ஒரு கருப்புக் கட்டியாகிறது. வெளியேறும் வாயு அந்த இடத்திலேயே குமிழியாகிறது. நீங்கள் நுண்ணோக்கியில் பார்த்த புள்ளியும் குமிழியும் இவைதான்.

இந்த முறையில் முதல் விதி கரைதிறன். சேர்மம் பாலிமருக்குள் மூலக்கூறு அளவில் கரைந்திருக்க வேண்டும். உடையும் வெப்பநிலையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான்.

படிகம் எழுதியது:

உருகுநிலை சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நிறத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் மலிவான, வேகமான சோதனை நிறம்தான்.

தனித்தனியாக நிற்கும் சிறிய வெள்ளிக் கோளங்கள் நீரில் 400 நானோமீட்டர் அளவில் ஒளியை வலுவாக உட்கவரும். பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, நீரைவிட அதிகம். அதனால் நிறமாலையில் அந்த உட்கவர்தலின் உச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்து 420 முதல் 430 வரை வர வேண்டும். அங்கே ஒரு குறுகிய உச்சி, 550க்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றால் கண்ணுக்குத் தூய மஞ்சள் தெரியும். உச்சி அகன்று 600, 700 வரை வால் நீண்டால் துகள்கள் கூட்டமாக இருக்கின்றன அல்லது பெரிதாகிவிட்டன. கண் அதைப் பழுப்பு என்று படிக்கும்.

ஆனால் பழுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. பாலிமரே ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறியிருக்கலாம். கந்தகமுள்ள சேர்மம் பயன்படுத்தினால் வெள்ளி சல்ஃபைடு வந்திருக்கலாம். அதனால் வெறும் பாலிஸ்டைரீன் படலம் ஒன்றை அதே அடுப்பில், அதே நேரத்துக்குச் சூடாக்கி அதன் நிறமாலையைக் கழித்துப் பாருங்கள். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் தாமிரக் கதிருக்கு 38.1 டிகிரியில் வெள்ளியின் முதல் உச்சி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த உச்சி ஊசி போலக் கூர்மையாக இருந்தால் உங்களிடம் இருப்பது நானோத்துகள் அல்ல.

திருகுத்தண்டு எழுதியது:

நான் பிளாஸ்டிக் கலவைத் தொழிலில் இருக்கிறேன். கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த முறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி: உடைந்த சேர்மத்தின் மிச்சம் எங்கே போகிறது? உருக்கிக் கலந்து தள்ளும் இயந்திரமான இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் உருகிய பிளாஸ்டிக் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்கள். அதற்குள் சேர்மம் முழுதாக உடைய வேண்டும், உடைந்த அமிலமும் வாயுவும் வெற்றிட வாயிலில் வெளியேற வேண்டும். அசிட்டேட் போட்டால் அசிட்டிக் அமிலம் வரும். அது உலோகப் பாகங்களை அரிக்கும், மிச்சம் பொருளில் தங்கி வாசனை தரும். முழுதாக உடையாத சேர்மம் உள்ளே தங்கினால் பொருள் வெயிலில் கிடக்கும்போது நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளி உப்புகள் ஒளி பட்டால் எவ்வளவு எளிதில் மாறுபவை என்று உங்களுக்கே தெரியும்.

கிருமிநாசினிப் பிளாஸ்டிக்குக்கு எங்கள் துறை வெள்ளி அயனி ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தையோ, வெள்ளி கொண்ட ஃபாஸ்ஃபேட் கண்ணாடித் தூளையோ மாஸ்டர்பேட்ச்சாக, அதாவது செறிவான முன்கலவையாக, கலக்கிறது. துகள் மைக்ரோமீட்டர் அளவில் இருந்தாலும் வேலை நடக்கிறது. எல்லாவற்றுக்கும் உள்ளேயே விளைவிப்பதுதான் மேல் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது.

உருகுநிலை எழுதியது:

திருகுத்தண்டு எழுதியது: “துகள் மைக்ரோமீட்டர் அளவில் இருந்தாலும் வேலை நடக்கிறது.”

கிருமிநாசினிக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே வேலை செய்வது மெல்லக் கசியும் வெள்ளி அயனி. அதற்குச் சியோலைட்டே நல்ல கிடங்கு. கேள்வி கேட்டவருக்கோ ஒளி வடிகட்டி வேண்டும். அதில் ஒட்டிப்போன ஒரு சதவீதத் துகள்கூட ஒளியைச் சிதறடித்துத் தெளிவைக் கெடுக்கும். வினையூக்கி, காந்தப் படலம் போன்றவற்றிலும் துகளின் அளவுதான் முழுக் குணத்தையும் தீர்மானிக்கிறது. இந்த முறை அந்த இடங்களுக்கு உரியது.

மிச்சத்தைப் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி என்பது என் எண்ணம். கரிமவேதி இதில் நிறைய வேலை செய்தவர். அவர் பார்த்தால் நல்லது.

கரிமவேதி எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. நீளமாகவே எழுதுகிறேன்.

சேர்மத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பார்ப்பது உலோகம் எந்த வெப்பநிலையில் பிரிகிறது என்பதை மட்டும். நான் முதலில் பார்ப்பது, உலோகம் போனபிறகு எஞ்சும் பகுதியை. அது வாயுவா, நீர்மமா, அமிலமா, பாலிமரைத் தாக்குமா, துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் காக்குமா என்பவைதான் படலத்தின் தலையெழுத்து.

ஃபார்மிக் அமிலத்தின் உப்புகளான ஃபார்மேட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிர ஃபார்மேட் 200 டிகிரியை ஒட்டி உடைந்து தாமிரம், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் என்று பிரிகிறது. ஒடுக்கும் பொருளைத் தன்னோடே சுமந்து வரும் சேர்மம் அது. வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டாம், கரியும் மிஞ்சாது. காகிதத்தில் இதைவிட அழகான வினை கிடையாது. ஆனால் ஒரு தாமிர அணுவுக்கு மூன்று வாயு மூலக்கூறுகள் வெளிவருகின்றன. நீரற்ற தாமிர ஃபார்மேட் ஒரு கிராம் உடைந்தால், 200 டிகிரியில் முக்கால் லிட்டர் வாயு. கிடைக்கும் தாமிரமோ 0.41 கிராம். தடித்த படலத்துக்குள் இதைச் செய்தால் நுரைதான் கிடைக்கும். தவிர, பாலிஸ்டைரீன் கரையும் கரைப்பான்களில் ஃபார்மேட்டுகள் கரையா.

உலோகத்தோடு கார்பன் மோனாக்சைடு இணைந்த கார்பனைல்கள் மறுமுனையில் இருக்கின்றன. இரும்புப் பென்டாகார்பனைல் கரிமக் கரைப்பான்களோடு நன்றாகக் கலக்கும், உடைந்தால் இரும்பும் கார்பன் மோனாக்சைடும் மட்டுமே. கோபால்ட் ஆக்டாகார்பனைல் 50 டிகிரியைத் தாண்டினாலே உடைகிறது. 1960களிலிருந்தே பாலிமர் கரைசல்களில் இவற்றை உடைத்துக் காந்தத் துகள்கள் செய்திருக்கிறார்கள். மாஸ்கோவில் குர்னகோவ் நிறுவனத்தில் குபின் குழுவினர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கனிம எண்ணெயில் பாலிஎத்திலீனைச் சூடாக்கிக் கரைத்து, அந்த உருகலை ஆர்கான் வாயுவின் கீழ் வேகமாகக் கலக்கியபடி உலோகச் சேர்மத்தின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சொட்டு விழுந்த கணமே கரைப்பான் ஆவியாகிறது, சேர்மம் உடைகிறது, பிறந்த துகளைச் சங்கிலிகள் சூழ்ந்துகொள்கின்றன. சில நானோமீட்டர் துகள்கள் பாலிஎத்திலீனின் படிகப் பகுதிகளுக்கு இடையிலுள்ள இடங்களில் தங்கிவிடுகின்றன. முன்கூட்டியே கரைத்து வைத்துச் சூடாக்குவதற்குப் பதில், சூடான இடத்துக்குச் சேர்மத்தைக் கொண்டுவருவது. இதனால் குமிழிப் பிரச்சினை எவ்வளவோ குறைகிறது, ஏனென்றால் கலக்கும் நீர்மத்திலிருந்து வாயு எளிதில் வெளியேறிவிடும்.

மூன்றாவது வழி உலோகத் தயோலேட்டுகள், அதாவது உலோகம் கந்தகத்தின் வழியாகக் கரிமச் சங்கிலியோடு இணைந்த சேர்மங்கள். நேப்பிள்ஸில் ஆய்வாளர்கள் கரோட்டெனூட்டோவும் நிக்கோலைஸும் நீண்ட சங்கிலியுள்ள டோடெசில் தயோலேட்டுகளைப் பாலிஸ்டைரீனில் சூடாக்கி வெள்ளி, தங்கத் துகள்கள் செய்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளித் தயோலேட் அலகுகள் உடையும்போது இரண்டு வெள்ளி அணுக்களும் ஒரு டைசல்ஃபைடும் பிறக்கின்றன. டைசல்ஃபைடு எளிதில் ஆவியாகாத, எண்ணெய் போன்ற பொருள். வாயு இல்லை, குமிழி இல்லை. உடையாமல் மிஞ்சும் தயோலேட் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அது வளர்வதையும் தடுக்கும். குறை என்னவென்றால் சூடு அதிகமானால் சல்ஃபைடு வரும், அந்த எண்ணெய் உள்ளேயே தங்கிப் பிளாஸ்டிக்கை இளக்கும்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது வெள்ளி நியோடெக்கனோயேட். கிளைத்த பத்துக் கார்பன் அமிலத்தின் உப்பு. சைலீன், டோலுயீன் இரண்டிலும் கரையும். அச்சு மின்சுற்று மைகளில் நெடுநாளாகப் பயன்படுவது. 200 டிகிரிக்குச் சற்று மேலே உடைகிறது. எடையில் 38.6 சதவீதம் வெள்ளி. படலத்தில் 0.2 சதவீத வெள்ளி வேண்டுமென்றால் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே உப்பு போதும்.

அளவைக் குறையுங்கள் என்றும் சொல்ல வேண்டும். வெள்ளி நானோத்துகள் ஒளியை உட்கவரும் வலிமை அபாரமானது. 50 மைக்ரோமீட்டர் படலத்தில் 0.1 சதவீத வெள்ளியே கண்ணுக்கு நல்ல மஞ்சள் தரும். இரண்டு, மூன்று சதவீதம் போடுவதால் நிறம் அழகாகாது. துகள்கள் நெருங்கி நிறம் கெடும், வாயுவும் பல மடங்காகும்.

மென்படலம் எழுதியது:

மிக்க நன்றி. நான் போட்டது இரண்டு சதவீத வெள்ளிக்கான அளவு. நியோடெக்கனோயேட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள். குமிழியைத் தவிர்க்கப் படலத்தை மெல்லியதாக்கினால் மட்டும் போதுமா? அடுத்து, உள்ளே பிறந்த துகள் ஏன் ஓர் அளவோடு நிற்கிறது? 200 டிகிரிக்கு மேல் பாலிஸ்டைரீன் உருகிய நிலையில்தானே இருக்கிறது, அணுக்கள் நகர்ந்துகொண்டே இருக்காதா?

உருகுநிலை எழுதியது:

தடிமன் முக்கியம். வாயு ஊடுருவி வெளியேற ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். இரண்டு மடங்கு தடித்தால் நான்கு மடங்கு நேரம். அதோடு சூட்டை ஏற்றும் வேகத்தையும் பாருங்கள். உடையும் எல்லையை வேகமாகத் தாண்டினால், உண்டாகும் வாயு பாலிமரில் கரைந்து நிற்கும் அளவை மீறிக் குமிழியாகும். மெல்ல ஏற்றினால் பிறக்கும் வேகமும் வெளியேறும் வேகமும் ஈடாகும். படலத்தில் தங்கிய டோலுயீனை முதலில் வெற்றிடத்தில் முழுதாக எடுத்துவிடுங்கள். குமிழிகளில் ஒரு பகுதி அதனால்கூட வந்திருக்கலாம்.

ஆனால் இதில் ஓர் இழுபறி இருக்கிறது. வேகமாகச் சூடாக்கினால் உலோக அணுக்கள் ஒரே நேரத்தில் பெருமளவில் பிறந்து, துகள்களுக்குத் தொடக்கமான கருக்கள் ஏராளமாக ஒரே வீச்சில் உண்டாகும். 1950இல் லாமரும் டினெகரும் விளக்கிய படம் இது. கருக்கள் அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைவு, துகள் சிறிதாகவும் ஒரே அளவாகவும் இருக்கும். மெல்லச் சூடாக்கினால் முதலில் பிறந்த சில கருக்களே மிச்ச வெள்ளியையெல்லாம் இழுத்துக்கொண்டு பெரிதாகும். உலோகத்தின் மேற்பரப்பே அடுத்த மூலக்கூறு உடைவதை வேகப்படுத்தும் என்பது இதைக் கூட்டுகிறது. ஃபிங்கியும் வாட்ஸ்கியும் 1997இல் முன்வைத்த இரண்டு படி வழிமுறை அதைத்தான் சொல்கிறது: மெதுவான பிறப்பு, பிறகு தன்னைத்தானே ஊக்கும் வளர்ச்சி. ஆகவே குமிழி வராத வேகத்துக்கும் துகள் சிறிதாக வரும் வேகத்துக்கும் நடுவில் ஓரிடத்தைத் தேட வேண்டும். 20 மைக்ரோமீட்டர் படலத்தில் அந்த இடம் அகலமாக இருக்கும். 200 மைக்ரோமீட்டரில் இல்லவே இல்லாமல்கூடப் போகலாம்.

துகள் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். எடையில் ஒரு சதவீத வெள்ளி என்பது கன அளவில் 0.1 சதவீதம்தான், வெள்ளி அவ்வளவு கனமானது. 5 நானோமீட்டர் துகள்கள் சீராகப் பரவியிருந்தால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 40 நானோமீட்டர் தூரம். பாலிமர் உருகலின் பாகுநிலை நீரைவிடப் பல கோடி மடங்கு கூட இருக்கலாம். அதில் ஒரு துகள் 40 நானோமீட்டர் நகர்ந்து இன்னொன்றைச் சந்திப்பது எளிதல்ல. தனி அணுக்கள் சிறியவற்றிலிருந்து பெரியவற்றுக்கு மாறும் ஆஸ்ட்வால்ட் வளர்ச்சி நடக்கும், ஆனால் அதன் வேகமும் குறைந்துகொண்டே போகும். லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசாவ், வாக்னர் கோட்பாட்டின்படி ஆரத்தின் மூன்றாம் அடுக்குதான் நேரத்தோடு நேராக ஏறுகிறது. ஆரம் இரட்டிப்பாக எட்டு மடங்கு நேரம் வேண்டும்.

படிகம் எழுதியது:

இங்கே சற்று மாறுபடுகிறேன். பாலிமரை வெறும் பிசுபிசுப்பான சுவராகப் பார்க்கும் விளக்கம் பாதிதான் சரி. பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமரில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பிலுள்ள ஆக்சிஜன் வெள்ளியின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. பாலிஸ்டைரீனில் அப்படிப் பிடிக்க வலுவான கை எதுவும் இல்லை. அதனால் ஒரே பாகுநிலையுள்ள இரண்டு பாலிமர்களில் துகள் அளவு முற்றிலும் வேறாக வரும். நியோடெக்கனோயேட்டில் பிரியும் அமிலம் சிறிது நேரம் அந்த வேலையைச் செய்யும், அது ஆவியாகிவிட்டால் துகளுக்குக் காவல் இல்லை. அதிக நேரம் சூட்டில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளி நைட்ரேட்டைப் பாலிவினைல் ஆல்கஹாலில் போட்டுச் சூடாக்கி மஞ்சள் படலம் எடுக்கும் வேலையையும் வெப்பச்சிதைவு என்றே பலர் எழுதுகிறார்கள். வெள்ளி நைட்ரேட் தானாக உடைய 400 டிகிரிக்கு மேல் வேண்டும். 150 டிகிரியில் அங்கே நடப்பது வேறு: பாலிமரின் ஆல்கஹால் தொகுதிகளே வெள்ளியை ஒடுக்குகின்றன, அந்த அளவுக்குப் பாலிமர் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. துகள் கிடைக்கும், ஆனால் அதற்கு விலை கொடுப்பது உங்கள் பிளாஸ்டிக். சேர்மத்தைத் தனியாகவும், பாலிமரோடும் சூடாகும்போது எடை குறைவதை அளக்கும் வெப்ப எடையறி சோதனையில் ஓட்டிப் பாருங்கள். பாலிமரோடு இருக்கும்போது உடையும் வெப்பநிலை பெரிதும் கீழே வந்தால் பாலிமர் வினையில் பங்கேற்கிறது என்று பொருள்.

திருகுத்தண்டு எழுதியது:

படிகம் சொன்னது எங்கள் அனுபவத்தோடு பொருந்துகிறது. உலோகம் பிளாஸ்டிக்கைச் சும்மா விடாது. தாமிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் மின்கம்பி உறைகள் விரைவில் நொறுங்கிப்போவது தொழிலில் நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. ஆக்சிஜனேற்றத்தைத் தாமிரம் ஊக்குவதே காரணம். அதனால்தான் அந்தக் கலவைகளில் இந்த ஊக்கத்தை அடக்கும் உலோக முடக்கிகள் சேர்க்கிறோம். வெறும் கம்பியின் மேற்பரப்பே இவ்வளவு செய்யுமென்றால், உள்ளெங்கும் பரவிய நானோத் தாமிரம் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். இரும்பு, கோபால்ட்டும் அதே ரகம். ஆய்வுக் கட்டுரைகளில் படலம் செய்த அன்றைய படம் இருக்கிறது. ஓராண்டு கழித்து அதே படலம் வளைத்தால் உடையுமா என்ற தகவலைத் தேடினால் கிடைப்பதில்லை. இதைச் செய்பவர்கள் முதிர்வுச் சோதனையையும் திட்டத்தில் சேருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிவிசியில் யாரும் முயல வேண்டாம். அது சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். வெள்ளி போட்டால் வெள்ளிக் குளோரைடுதான் மிஞ்சும்.

மின்னோட்டம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். இந்த முறையில் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் செய்ய முடியுமா? வெள்ளியைவிடச் சிறந்த கடத்தி இல்லையே.

உருகுநிலை எழுதியது:

கோளத் துகள்களால் கடினம். ஒழுங்கின்றிப் பரவிய கோளங்கள் ஒன்றையொன்று தொட்டு வழி உண்டாக்கக் கன அளவில் 16 சதவீதம் வேண்டும். பாலிஸ்டைரீனில் அது எடையில் 65 சதவீத வெள்ளி. நியோடெக்கனோயேட்டாகப் போட்டால் 35 கிராம் பிளாஸ்டிக்குக்குள் 168 கிராம் உப்பைக் கரைக்க வேண்டிவரும். அது பிளாஸ்டிக்கில் உப்பு அல்ல, உப்பில் பிளாஸ்டிக். கடத்தும் மேற்பரப்பு மட்டும் போதுமென்றால் வேறு கதை. பாலிஇமைடில் வெள்ளிச் சேர்மத்தைச் சூடாக்கிப் பளபளக்கும் படலங்கள் செய்த வேலை நாசாவின் லாங்லி மையத்தோடு தொடர்புடைய குழுவினரால் 1990களில் நடந்திருக்கிறது. பாலிஇமைடு 300 டிகிரிக்கு மேலும் தாங்குவதால் அங்கே அது முடிந்தது.

கரிமவேதி எழுதியது:

ஒரு விஷயம் தள்ளிப்போடக் கூடாது. மேலே கார்பனைல்களைப் புகழ்ந்து எழுதியதைப் படித்து யாரும் அவற்றைத் தொட வேண்டாம். இரும்புப் பென்டாகார்பனைல் 103 டிகிரியில் கொதிக்கும், அறை வெப்பத்திலேயே ஆவி கிளம்பும், கொடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றும். நிக்கல் டெட்ராகார்பனைல் 43 டிகிரியில் கொதிக்கும். அதன் நஞ்சு இன்னும் பயங்கரம். உடையும்போது வருவதும் கார்பன் மோனாக்சைடு. தனிப்பட்ட பயிற்சியும் அதற்கென்ற வசதியும் இல்லாத ஆய்வகத்தில் இவற்றுக்கு இடமே இல்லை.

வெள்ளி ஆக்சலேட் வெறும் வெள்ளியும் கார்பன் டை ஆக்சைடுமாகப் பிரிவதால் சிலருக்கு ஆசை வரும். உலர்ந்த நிலையில் 140 டிகிரி அளவில் அது வெடிக்கக்கூடியது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலையும் எடுத்துவைத்துப் பிறகு பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். காலப்போக்கில் அதில் வெடிபொருள் படியும்; செய்த அன்றே அழித்துவிட வேண்டும்.

நியோடெக்கனோயேட் இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானது. ஆனாலும் அடுப்பு புகைப்போக்கியின் கீழ்தான் இருக்க வேண்டும். உப்பையும் கரைசலையும் இருட்டில் வையுங்கள். ஒளி பட்டால் அடுப்புக்குப் போகுமுன்பே கருக்கள் பிறந்துவிடும்.

மென்படலம் எழுதியது:

புதிய படலங்கள் தயார். நியோடெக்கனோயேட், 0.2 சதவீத வெள்ளி, ஏறக்குறைய 30 மைக்ரோமீட்டர் தடிமன். வெற்றிடத்தில் டோலுயீனை எடுத்துவிட்டு 220 டிகிரிக்கு ஏற்றினேன். 160 வரை நிறமே இல்லை. 200ஐ நெருங்கும்போது வெளிறிய எலுமிச்சை நிறம் நடுவிலிருந்து பரவத் தொடங்கியது. அடுப்பின் கண்ணாடி வழியாகவே பார்க்க முடிந்தது. இப்போது நடுப்பகுதி தெளிவான மஞ்சள். வெறும் படலத்தின் நிறமாலையைக் கழித்தபிறகு உச்சி 426 நானோமீட்டரில் இருக்கிறது, 550க்கு மேல் சமதளம். குமிழி இல்லை.

ஆனால் காற்றைப் பார்க்கும் மேற்பரப்பில் மெல்லிய பளபளப்பு இன்னும் வருகிறது. கண்ணாடித் தட்டைத் தொட்ட பக்கத்தில் அது இல்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும்?

படிகம் எழுதியது:

426 என்பது அருமையான எண், வாழ்த்துகள்.

உங்கள் அடுப்பில் காற்று இருக்கிறது என்பதுதான் துப்பு என்று நினைக்கிறேன். பாலிஇமைடு வேலைகளிலும் பளபளப்பு காற்றுப் பக்கத்தில்தான் வந்தது. மேற்பரப்பில் வெள்ளியின் துணையோடு ஆக்சிஜன் பாலிமரைச் சிறிது அரித்துவிடுகிறது. துகள்களுக்கு இடையே இருந்த பிளாஸ்டிக் குறையக் குறைய அவை நெருங்கி ஒன்றுசேர்கின்றன. அமிலம் வெளியேறும் பக்கமும் அதுவே என்பதால் மேற்பரப்புத் துகள்களின் காவலும் முதலில் அங்கேதான் போகிறது.

ஒரே படலத்தை இரண்டாக வெட்டி ஒன்றைக் காற்றிலும் மற்றொன்றை நைட்ரஜனிலும் சூடாக்குங்கள். நைட்ரஜனில் பளபளப்பு மறைந்தால் காரணம் ஆக்சிஜன். மறையாவிட்டால், வெள்ளியே மேற்பரப்பை நோக்கி நகர்கிறது என்று கொண்டு, வார்த்த படலத்தின் மேல் வெள்ளியில்லாத மெல்லிய பாலிஸ்டைரீன் அடுக்கு ஒன்றைச் சூடாக்கி அழுத்தி ஒட்டிப் பாருங்கள். ஒட்டுவதை 150 டிகிரிக்குக் கீழே செய்யுங்கள்.

திருகுத்தண்டு எழுதியது:

இரண்டு துண்டுகளிலும் ஒரு பகுதியை வெட்டி வெளிச்சம் படும் இடத்தில் சில மாதங்கள் விட்டுவையுங்கள். உச்சி நகர்கிறதா என்று பார்த்தால், உடையாத உப்பு உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மென்படலம் எழுதியது:

நைட்ரஜன் இணைப்புள்ள குழாய் உலைக்கு நேரம் கேட்டிருக்கிறேன். இரண்டு துண்டுகளின் நிறமாலைகளையும் இங்கேயே பதிவிடுகிறேன். குறுக்குவெட்டை ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க நுண்சீவலாக வெட்ட வேண்டும். பாலிஸ்டைரீனை வெட்டும்போது வெள்ளித் துகள்கள் இடம்பெயராமல் பார்த்துக்கொள்ள யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.